ஹெலிகாப்டர் தலையில் அந்தத் தண்டு எதற்கு?

கேள்வி: 1950களின் ஹெலிகாப்டர் படங்களில், கண்ணாடிக் குமிழி போன்ற முகப்புக்கு மேலே, பெரிய இறக்கைகளுக்குக் குறுக்காக ஒரு சிறிய தண்டு தெரிகிறது. இரு முனைகளிலும் குண்டு வைத்திருக்கிறார்கள். அது என்ன வேலை செய்கிறது? இப்போது வரும் ஹெலிகாப்டர்களில் அதைக் காணோமே?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பெல் 47 ஆக இருக்கும். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு முதன்முதலில் சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டர் அது. 1946 மார்ச் 8 அன்று பெற்றது. முதலில் இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். நீங்கள் கேட்கும் தண்டுக்குப் பெயர் நிலைப்படுத்தும் தண்டு. அது இல்லையென்றால் அந்த ஹெலிகாப்டரே பிறந்திருக்காது.

பலர் நினைப்பது இது: சுழலி, அதாவது சுழலும் இறக்கைகளின் தொகுதி, மேலே, எடை கீழே, ஆகவே ஊசல்குண்டு போல ஹெலிகாப்டர் தானாக நேராகிவிடும். அப்படி நடப்பதில்லை. ஊசல்குண்டைப் பிடித்திருக்கும் ஆணி அசைவதில்லை. ஹெலிகாப்டரைத் தூக்கிப் பிடிக்கும் விசையோ உடலோடு சேர்ந்தே சாய்கிறது. ஒரு காற்று வீச்சில் உடல் சற்றுச் சாய்ந்தால் விசையும் சாய்ந்து, அதைப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். வேகம் கூடியதும் எதிர்க்காற்று சுழலியை மறுபக்கம் சாய்க்கும். இப்போது எதிர்த்திசையில், முன்னைவிடப் பெரிதாக ஓர் அசைவு. விமானியின் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்காவிட்டால் சில ஊசலாட்டங்களில் கதை முடிந்துவிடும்.

இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர் ஆர்தர் யங். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1920களின் இறுதியிலேயே ஹெலிகாப்டரில் இறங்கிவிட்டார். பெரிய பொறியைக் கட்டி உடைத்துக்கொள்வதைவிடச் சிறிய மாதிரிகளில் தவறுகளைச் செய்து பார்ப்பதே வழி என்று அவருக்குத் தெளிவானது. பென்சில்வேனியாவின் பயோலி என்ற ஊரில் ஒரு பழைய களஞ்சியக் கொட்டகைதான் அவருடைய ஆய்வுக்கூடம். மின்மோட்டாரில் ஓடும், தொலைவிலிருந்து இயக்கும் மாதிரிகளை அங்கே பறக்கவிட்டார். அவை விழுந்தன, எடுத்துச் சரிசெய்து மறுபடி பறக்கவிட்டார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான். பணமும் பட்டறையும் அவரைவிட அதிகமாக வைத்திருந்தவர்கள் முழு அளவில் கட்டி, முதல் விபத்தோடு நின்றுபோயிருக்கிறார்கள்.

அவர் வந்து சேர்ந்த விடைதான் அந்தத் தண்டு. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் விடாது. முனைகளில் குண்டு வைத்த தண்டும் அப்படித்தான்: அச்சோடு சேர்ந்து சுழல்கிறது, ஆனால் அச்சு சாய்ந்தால் உடனே கூடச் சாய்வதில்லை. இறக்கைகளின் கோணத்தை மாற்றும் இணைப்புக் கம்பிகளோடு யங் அதைச் சேர்த்தார். உடல் சாய்ந்தாலும் சுழலி தண்டின் பேச்சைக் கேட்டு, சற்று நேரம் தன் பழைய தளத்திலேயே நிற்கும். அதற்குள் உடலும் நேராகும். தண்டு பிடிவாதமாக அங்கேயே நின்றுவிட்டால் விமானி விரும்பித் திரும்ப முடியாதே? அதற்காகப் பின்னர் எண்ணெய்த் தணிப்பான்கள் வந்தன. தண்டு மெதுவாக அச்சைப் பின்தொடர அவை வழிவிட்டன.

1941இல் தண்டு பொருத்திய மாதிரியை பெல் நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். போர்விமானத் தயாரிப்பில் மூழ்கியிருந்தபோதும் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பஃபலோ நகருக்கு அருகே கார்டன்வில்லில் ஒரு பழைய கார் விற்பனை நிலையமே பட்டறையானது. மாடல் 30 என்ற முதல் பொறி 1942 டிசம்பர் 29 அன்று, கயிற்றால் தரையோடு கட்டப்பட்ட நிலையில் எழும்பியது. அதில் ஒருவர்தான் உட்காரலாம். இரண்டாவது பொறி இருவருக்கானது. மூன்றாவதில் கற்றவற்றையெல்லாம் சேர்த்தார்கள். 1945 டிசம்பரில் பெல் 47 பறந்தது. சிக்கோர்ஸ்கியின் ஆர்-4 ஹெலிகாப்டர் இதற்கு முன்பே ராணுவத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதை ஓட்டியவர்கள் நடுங்கும் கட்டுப்பாட்டுக் கோலோடு மல்லுக்கட்டினார்கள்.

பெல் 47 பூச்சிமருந்து தெளித்தது. கொரியப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்தது. வேறு நாடுகளில் உரிமம் பெற்றுக் கட்டியவற்றையும் சேர்த்தால் 5,000க்கும் மேல். 1984இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்றை வாங்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டது. அதற்கு அது முழுத் தகுதி உள்ளது என்பது என் எண்ணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தண்டுக்கு எடை உண்டு, காற்றுத் தடை உண்டு, பராமரிப்பு உண்டு. விமானியின் கட்டளைக்குச் சுழலி பதில் சொல்வதையும் அது தாமதப்படுத்தும். வியட்நாம் போரில் புகழ்பெற்ற ஹியூயி வரை பெல் அதை வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்த கோப்ரா தாக்குதல் ஹெலிகாப்டரிலேயே மின்னணு நிலைப்படுத்தும் கருவி வந்து, தண்டு போயிற்று.

சிறிய இரட்டை இருக்கைப் பொறிகளில் அந்தக் கருவியும் இருப்பதில்லை. 1975இல் முதலில் பறந்த ராபின்சன் ஆர்22 தண்டும் இல்லாமல், கருவியும் இல்லாமல், விமானியின் கையை மட்டும் நம்புகிறது.

தண்டை நேரில் பார்க்க ஆசையென்றால் பொம்மைக் கடைக்குப் போங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள் கொண்ட, ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர்கள் பலவற்றில் மேல்சுழலிக்குக் குறுக்கே இருப்பது யங்கின் அதே ஏற்பாடுதான். தண்டின் ஒரு முனையை விரலால் மெல்ல அழுத்தினால் இறக்கையின் கோணம் மாறுவது தெரியும்.