விதியும் குறிப்பும்

இ, ஈ, ஐ என்னும் ஈறுகளை அடுத்து உயிர் வருமாயின் யகரம் உடம்படுமெய்யாகும் என்பது நன்னூல் நூற்பாவின் விதி. ‘மணியழகிது’ என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. மாணவர் பலர் எடுத்துக்காட்டை மனப்பாடம் செய்து விதியைக் கைவிடுவர். விடைத்தாள் திருத்துவோர் இதனை நன்கு அறிவர். தொழில்நுட்பத் தர ஆவணங்களைத் தமிழாக்குவோரிடத்தும் இம்மயக்கம் உண்டு.

அவ்வாவணங்களிலும் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று. விளக்கும் பகுதி மற்றொன்று. பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் வரைவு நெறிப்படி ‘ஷல்’ என்பது கட்டாயம், ‘ஷுட்’ பரிந்துரை, ‘மே’ இசைவு, ‘கேன்’ இயலுமை. உரையிடைக் குறிப்பும் எடுத்துக்காட்டும் கட்டளையைத் தாங்குவன அல்ல. தமிழிலோ முன்னிரண்டையும் ‘வேண்டும்’ என்றும், பின்னிரண்டையும் ‘செய்யலாம்’ என்றும் பெயர்த்துவிடுகிறோம். நான்கு இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. ‘செய்தல் வேண்டும்’, ‘செய்வது நன்று’, ‘செய்ய இசைவுண்டு’, ‘செய்ய இயலும்’ எனப் பிரித்துரைப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை.

நமக்கு அணித்தாகிய சான்று குடிநீர். சேலம், நாமக்கல் சமவெளி பாறை நிலம். இங்குள்ள ஆழ்குழாய்க் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. அது மிகின் பற்கள் கறைபடும்; நெடுநாள் மிகுதியாக உண்டால் எலும்பும் மூட்டும் விறைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரம், 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஃபுளோரைடை ‘ஏற்கத்தக்க அளவு’ என்கிறது. 1.5 மில்லிகிராம் என்பதோ ‘மாற்று நீராதாரம் இல்லாவிடத்து அனுமதிக்கத்தக்க அளவு’. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம். அதற்குத் தளர்வே இல்லை. 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்கத்தக்க அளவு ‘விரும்பத்தக்க அளவு’ எனப்பட்டிருந்தது. சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள மாணவர் இம்மாற்றத்தைத் தனியே ஆராயலாம்.

இனி, அட்டவணையின் அடியிலுள்ள குறிப்பைக் காண்போம். ஏற்கத்தக்க அளவையே நடைமுறைப்படுத்துக என அது பரிந்துரைக்கிறது. அதனை மிஞ்சிய நீர் தகுதியற்றது எனவும், வேறு நீராதாரம் இல்லையெனில் இரண்டாம் அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் எனவும், அதற்கும் மேற்பட்டால் அந்நீராதாரத்தை விலக்க வேண்டும் எனவும் கூறுகிறது. பெயரளவில் இது குறிப்பு. செயலளவிலோ தளர்வின் எல்லையையே வகுக்கிறது. உரை என்று இதனை ஒதுக்குதல் பொருந்தாது. இலக்கண வழக்கில் புறனடை எனலாம்.

ஆய்வறிக்கை ஒன்று 1.3 மில்லிகிராம் கண்டு, ‘அனுமதிக்கத்தக்க அளவுக்குள் உள்ளது’ என்று மட்டும் எழுதுவதாகக் கொள்வோம். ‘மாற்று நீராதாரம் இல்லாவிடத்து’ என்னும் அடை அங்கே உதிர்ந்துவிடுகிறது. அவ்வூருக்குக் காவிரி நீர் குழாய்வழி வருமாயின், அந்தத் தளர்வு அவ்வூருக்கு உரியதன்று.