தாயையும் சேயையும் காக்கும் இரு பரிசோதனைகள்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை அடுத்து, புக்கிட் தீமா சாலையில் அமைந்துள்ளது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 'எருமைக் கொட்டில்' என்பது இம்மலாய்ப் பெயரின் பொருள். 1924இல் இலவச மகப்பேற்று மருத்துவமனையாகிய இங்கு, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. 2016 முதல் இங்குக் கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் நீரிழிவுப் பரிசோதனை வழங்கப்பட்டு வருகிறது. அந்நாட்டில் கருவுற்ற ஐவரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் காணப்படுவதே அதற்குக் காரணமாகும். இந்தியர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதியாதலால், தோட்டத்தில் வாழும் நாமும் இதனை அறிதல் வேண்டும்.

நீரிழிவு

கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடியில் சுரக்கும் சில நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. அச்சர்க்கரை குழந்தையையும் சென்றடைய, குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரெனக் குறையலாம்.

பெரும்பாலும் இந்நோய்க்கு அறிகுறியே இல்லை. ஆகவே 24 முதல் 28 வாரங்களுக்குள், வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகிய பின்னரும் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். இதற்கு ஒரு காலைப்பொழுது செல்லும். பால்வெட்டுக் கூலியும் போகலாம். ஆயினும் இழந்த கூலியை மீட்கலாம்; இழந்த உயிரை மீட்க இயலுமா?

பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும். சீனியும் டின் பாலும் கலந்த தேநீரைத் தவிர்த்து, சோற்றைக் குறைத்து, கீரை, பயறு, மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவர் இன்சுலின் ஊசி போடச் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. அது குழந்தைக்குத் தீங்கு செய்யாது.

இரத்தக் கொதிப்பு

நீரிழிவுள்ள தாய்க்கு இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் அஃது ஆபத்தின் அடையாளம். கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றினால், வேலைக் களைப்பு என்றெண்ணி வீட்டில் படுத்திருத்தல் ஆகாது. அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் வலிப்பு கண்டு தாயும் சேயும் மடிய நேரலாம். வலிப்பைப் பேய்க்கோளாறு என்று மந்திரித்துக்கொண்டிருப்பது பெருந்தீங்கு. மெக்னீசியம் சல்பேட் மருந்து வலிப்பு நேரும் அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதை 2002இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று மெய்ப்பித்தது.

முன்னரே கொதிப்புக்கு மாத்திரை உண்பவர்கள், கருவுற்றதும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். சில மாத்திரைகள் கருவுக்குத் தீங்கு செய்யும்.

பிரசவத்திற்குப் பின்

குழந்தை பிறந்துவிட்டதால் கவலை தீர்ந்ததென எண்ணலாகாது. பிரசவத்திற்குப் பின்னுள்ள சில வாரங்களிலும் கொதிப்பு உயரக்கூடும். நீரிழிவு கண்ட தாய்மார் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் இரத்தம் சோதித்து, பின்னரும் அவ்வப்போது சோதித்து வருதல் நலம்.

கணவன்மார்களே, மாமியார்மார்களே! மருந்தகம் செல்லும் நாளில் அவளது வீட்டு வேலையை நாம் ஏற்போம், துணைக்கும் செல்வோம். தாய் நலமாயிருந்தால்தான் குடும்பம் தழைக்கும்.