உண்ணிச்செடி வந்தால் ஆட்டம் மாறும்

நீலகிரியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் பயன்படுத்தும் அட்டை விளையாட்டு இது.

தேவையானவை: பழைய நாட்காட்டி அட்டைகள். சிலவற்றில் பிரம்பு, காட்டுக்கொடி, மூங்கில்; சிலவற்றில் அவற்றால் ஆகும் தோடர் வீடு, குறும்பர் தேனெடுக்கும் ஏணி, கூடை. 5 அட்டைகளில் உண்ணிச்செடி.

செய்முறை: செடியையும் பொருளையும் இணைத்தால் 1 மதிப்பெண். செடியின் பெயரைப் பழங்குடி மொழியில் சொன்னால் 2. உண்ணிச்செடி எடுத்தவர் இரண்டு செடி அட்டைகளைக் கவிழ்த்துவிட வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி நம் காட்டை மூடுவது அப்போதே புரியும்: செடி மறைந்தால் ஏணியும் கூடையும் இணையின்றி நிற்கும்.

பயன்: வகுப்பில் வாய் திறக்காத பழங்குடிப் பிள்ளைகள் இங்கே மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் மொழிக்கும் மதிப்பெண் உண்டல்லவா!

கவனிக்க: மருந்துச் செடிகளை நான் சேர்ப்பதில்லை. அந்த அறிவைப் பகிர்வதா என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும்.