கறையை அறிந்து கை வை

அன்புள்ள கண்ணுவுக்கு,

சாம்பார் கொட்டிய வெள்ளைச் சுடிதாரில் சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். பயப்படாதே, துணி கெடவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். துணி சோப்பில் காரம் உண்டு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்ததும் ஆரத்தி சிவப்பதும் இதனால்தான். நன்றாக அலசு, மறுபடி மஞ்சளாகிவிடும்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெய்தான் அதை நூலுக்குள் இழுத்துப் போயிருக்கிறது. அதனால் முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தடவி, எண்ணெயை எடுத்துவிடு. பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் போடு. வேண்டுதலுக்காக மஞ்சளில் நனைத்துக் கட்டும் சேலை சில நாளிலேயே வெளிறுவதைப் பார்த்திருப்பாயே! குர்குமினுக்கு வெயில் ஆகாது. ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடு.

வெயில் செய்கிற வேலைக்கு அவசரப்பட்டு பிளீச் வாங்காதே. பட்டையும் கம்பளியையும் அது அரித்துவிடும். சாயத் துணியை வெளுத்துவிடும். வாங்கினாலும், கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதே. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் ரத்தத்தின் புரதம் முட்டை வெந்ததுபோல் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். மாதவிலக்குக் கறை என்றால் காயவிடாமல் உடனே ஊறவை. துவைத்ததை அறை மூலையில் ஒளித்து உலர்த்தாதே. மற்றத் துணிகளோடு கொடியில், வெயில் படப் போடு. மறைக்க அதில் ஒன்றுமில்லை, கண்ணு.

காய்ந்துபோன வாழைக்கறையோடு மட்டும் மல்லுக்கட்டாதே. குலை வெட்டப் போகிறவர்கள் அதற்கென்றே ஒரு பழைய சட்டை வைத்திருப்பார்கள்.

எந்தக் கறையானாலும் முழுதும் போகும்வரை இஸ்திரி போடாதே. சூடு மிச்சத்தைப் படியவைத்துவிடும். அம்மாவின் பட்டுப்புடவையில் ஏதாவது பட்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து டிரைகிளீனிங் கடையில் கொடு. கொடுக்கும்போது என்ன கொட்டியது என்று சொல். தெரிந்தால்தான் எதைப் போட்டு எடுப்பது என்று அவர்கள் முடிவுசெய்ய முடியும்.

அன்புடன்,
உன் சித்தி