நிலம் தனி, விடுதி தனி

பாகூரில் நாங்க பாரம்பரிய நெல் போடுறோம். புதுச்சேரி நகரின் தமிழர் பகுதியில் அப்பா விட்டுப்போன பழைய வீடு ஒன்று இருக்கு. திண்ணை, தாழ்வாரம், முற்றம், பின்கட்டில் கிணறு. அண்ணன், நான், தங்கை மூவருக்கும் சமபங்கு. சனி, ஞாயிறு வரும் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று முடிவாச்சு. யார் பேரில் நடத்துவது என்பதில்தான் மூன்று மாதம் ஓடிப்போச்சு.

"என் பேர்லயே இருக்கட்டும், பேப்பர் வேலையே வேணாம்" என்றார் அண்ணன். தனியுடைமை தொடங்க எளிது. ஆனால் சட்டத்தின் பார்வையில் தொழிலும் ஆளும் ஒன்றுதான். விருந்தாளி ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், இழப்பீட்டுக்கு அண்ணனின் வயலும் பதில் சொல்லணும். இருபது வருசமா ரசாயனம் படாம மீட்ட மண்ணுங்க அது. எனக்குத் தூக்கமே வரலை.

சாதாரணக் கூட்டாண்மை இன்னும் மோசம். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலுக்காக ஒரு பங்குதாரர் பட்ட கடனுக்கு மற்றவர்களும் முழுப்பொறுப்பு.

"நம்ம உற்பத்தியாளர் கம்பெனியில சேர்த்தா என்ன?" என்று கேட்டாள் தங்கை. அது விளைபொருளுக்கான அமைப்பு. நாலு ஊர் உழவர்களின் பொதுச்சொத்தில் நம்ம வீட்டு வாடகையை நுழைப்பது நியாயமும் இல்லை.

கடைசியில் எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு வந்தோம். 2008ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு பேர் போதும். தொழிலின் கடன், போட்ட முதலோடு நிற்கும். வீட்டுப் பத்திரம் எங்க பேரிலேயே இருக்கு, எல்.எல்.பி.க்கு வாடகை ஒப்பந்தம் மட்டும். தொல்லையும் உண்டு. வருமானமே வராவிட்டாலும் ஆண்டுதோறும் படிவம் 8, படிவம் 11 இரண்டையும் தாக்கல் செய்யணும். தாமதம் நீள நீளக் கட்டணம் ஏறும். லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, செஸ் தனி. தனிநபருக்குள்ள வரிவிலக்கு வரம்பு இதற்குக் கிடையாது.

வீட்டை வெறும் மாத வாடகைக்கு விடுபவருக்கு இந்த அலைச்சலே வேண்டாம். அவரவர் பங்கு வாடகையில், வீட்டு வரி போக, 30 சதவீதம் கழித்து மீதியைக் கணக்கில் காட்டினால் போதும்.

நம்மில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. விருந்தாளி தட்டில் நம்ம மாப்பிள்ளைச் சம்பா சோறே விழுந்தாலும் அது விவசாய வருமானம் ஆகாது. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேணும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அனுப்பணும். பிரெஞ்சுக்காரர் வந்துபோகும் ஊரில் இதை மறக்கவே கூடாது.

நம்ம கவனக்குறைவால் நேரும் தீங்குக்கு எல்.எல்.பி.யும் கேடயம் இல்லை என்றார் ஆடிட்டர். அன்னிக்கு சாயங்காலமே கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுட்டோம்.