சாவி தொலைந்தால் என்ன செய்வது?



இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் சாவியைக் காணோம். உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, ஆள் தேடி அலையாமல் உடனே 112 அல்லது 101-ஐ அழையுங்கள்.

மற்ற நேரங்களில் பதற்றம் வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு போன்ற பழைய பூட்டுகளில் நெம்புத் தகடுகள் இருக்கும். சுத்தியலால் அடித்தால் அவை கோணிவிடும். பிறகு சாவி கிடைத்தாலும் திறக்காமல் போகலாம். கைதேர்ந்தவர் வெற்றுச் சாவியை நுழைத்து, விழும் தடம் பார்த்து அராவித் திறப்பார். துளை போடுவது கடைசி வழி. நாதாங்கியில் தொங்கும் பூட்டென்றால் பூட்டை மட்டும் அறுத்தால் போதும், கதவு தப்பும்.

நிலையான கடை உள்ள, ஜமாஅத்தில் நாலு பேர் அறிந்த பூட்டுக்காரரையே கூப்பிடுங்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "இது உங்கள் வீடுதானா?" என்று அவர் கேட்டால் கோபிக்காதீர்கள், ஆதார் அட்டையைக் காட்டுங்கள். கேட்காமல் திறப்பவர் நாளை வேறொருவருக்கும் உங்கள் வீட்டைத் திறந்து கொடுப்பார். அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையலாகாது என்பது சூரா அந்நூர் கற்றுத்தரும் ஒழுக்கம். அவர் கைத்தொழிலும் ஓர் அமானிதமே.

தொலைந்த சாவி கிடைக்காவிட்டால் பூட்டையே மாற்றிவிடுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள். இன்றே ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.