குளத்து மீன்களின் நோய்களும் பரிகாரமும்

நெற்பயிர் மஞ்சளித்தால் அனுபவமுள்ள கமக்காரர் உடனே மருந்து தெளிப்பதில்லை. வயலில் நீர் தேங்கியுள்ளதா, வேர் அழுகியுள்ளதா என்பதையே முதலில் பார்ப்பர். மீன் வளர்ப்பிலும் முறை அதுவே. வயலோரத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ சிறு குளம் அமைத்துத் திலாப்பியா, கெண்டை முதலிய மீன்களை வளர்ப்போர், சில மீன்கள் இறந்ததும் கைக்கெட்டிய மருந்தைக் குளத்தில் ஊற்றுதல் கூடாது. நோயால் பத்து மீன் இறக்கக்கூடிய இடத்தில், பிழையான மருந்தால் குளம் முழுவதும் அழிந்துவிடும்.

இறக்கும் முறையை அவதானித்தல்

1. விடியற்காலையில் மீன்கள் யாவும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், நீரில் ஒட்சிசன் குறைந்துள்ளது என அறிக. இரவில் பாசியும் ஒட்சிசனை உட்கொள்வதே இதற்குக் காரணம். வெயில் ஏறியதும் மீன்கள் கீழிறங்கினால் அது தொற்றுநோயன்று. உணவையும் சாணத்தையும் நிறுத்திப் புதுநீர் பாய்ச்சினால் போதும். நாள் முழுவதும் மூச்சுத் திணறினால் செவுளைச் சோதிக்க வேண்டும்.

2. பெரிது சிறிது என்ற வேறுபாடின்றி எல்லா மீன்களும் திடீரெனத் துள்ளி இறந்து, தவளையும் நண்டும் உடன் இறந்தால், அது பெரும்பாலும் நஞ்சின் விளைவாகும். வெலிமடைப் பகுதியில் சிறுபோகத்தில் வயல்களிலேயே உருளைக்கிழங்கு பயிராகின்றது. அத்தகைய நிலங்களில் தெளித்த பீடைநாசினி மழைநீருடன் வாய்க்கால் வழியே குளத்தை அடையலாம். உடனே வாய்க்காலை அடைத்து, வேறிடத்துச் சுத்தமான நீரைப் பாய்ச்சுக. இறந்த மீனை உண்ணலாகாது; கோழிக்கும் இடலாகாது.

3. நாளொன்றுக்கு ஒன்றிரண்டாகப் பல நாட்கள் இறந்துவந்தால் தொற்றுநோய் எனக் கருதி மீனின் உடலைப் பார்க்க வேண்டும்.

உடலில் தோன்றும் அறிகுறிகள்

உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் ஒருவகை ஒட்டுண்ணியால் உண்டாவன. இது தோலின் அடியில் வளர்ந்து, பின் கீழே விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து வேறு மீன்களைத் தேடும். தோலின் அடியிலுள்ளபோது மருந்து அதைத் தாக்காது. நீரில் நீந்தும் குஞ்சுகளே மடியும். ஆகையால் ஒருநாள் வைத்தியம் பயன்தராது.

பஞ்சு போன்ற வெண்படலம் பங்கசு நோயாகும். இது வலையாலோ கையாலோ காயப்பட்ட இடத்திலேயே பெரும்பாலும் பற்றும்.

தட்டையான, கண்ணுக்குத் தெரியும் பூச்சி உடலில் ஒட்டியிருந்தால் அது மீன்பேன். மீன் கரையிலும் கல்லிலும் உடலை உரசும். மீன்பேன் கல், தடி, பலகை ஆகியவற்றில் முட்டையிடும். எனவே குளத்தில் சில பலகைகளை நட்டு, வாரந்தோறும் எடுத்து வெயிலில் நன்கு உலர்த்தினால் முட்டைகள் அழியும்.

சிவந்த புள்ளியாகத் தொடங்கித் தசையை அரிக்கும் ஆழ்ந்த புண், கொள்ளைப் புண்நோயின் அடையாளமாகும். 1971இல் யப்பானில் முதலில் காணப்பட்ட இந்நோய் 1987இல் இலங்கையையும், 1988இல் இந்தியாவையும் அடைந்தது. விரால் மீன் இதனால் பெரிதும் பாதிக்கப்படும். திலாப்பியாவும் சாதாரண கெண்டையும் இதனைப் பெரும்பாலும் தாங்கிநிற்கும். கடும்மழையின் பின் நீர் குளிரும்போது நோய் பரவுவதால், ஊவாவில் பெரும்போக மழைக்காலத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பரிகாரம்

பங்கசுக்கும் வெளி ஒட்டுண்ணிக்கும்: பத்து லீற்றர் நீரில் 200 கிராம் கறியுப்பைக் கரைத்து, மீனை ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் அதில் விடுக. மீன் சாய்ந்தால் உடனே நன்னீருக்கு மாற்றுக.

வெண்புள்ளிக்கு: நோயுற்ற மீன்களைச் சீமெந்துத் தொட்டியில் இட்டு, 1,000 லீற்றர் நீருக்கு 2 கிலோ உப்பு வீதம் கரைத்துப் பத்து நாட்கள் வைத்திருக்க வேண்டும். நீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்குரிய உப்பை மீண்டும் சேர்க்க வேண்டும்.

புண்நோய்க்கு: நோயுற்றவற்றை அகற்றிப் புதைத்துவிடுக. தேயிலைத் தோட்டங்களில் இடும் தொலமைற்றை 100 சதுர மீற்றருக்கு 2 கிலோ வீதம் தூவுக. மீனுள்ள குளத்தில் நீற்றாத சுண்ணாம்பை இடலாகாது.

தடுக்கும் வழி

அறுவடைக்குப்பின் குளத்தை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுக. புதிய குஞ்சுகளை இரு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே குளத்தில் விடுக. வயலின் வடிநீர் குளத்துள் புகாதவாறு வரம்பை உயர்த்துக. தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதிருக்க. ஒரு குளத்தில் பாவித்த வலையை உலர்த்தாமல் மற்றொன்றில் இறக்காதிருக்க.

நோய் இன்னதெனத் தெளியாவிடின், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரை நாடுக. உயிருள்ள நோய்மீன் இரண்டைக் குளத்து நீருடனேயே கொண்டுசெல்லுதல் வேண்டும். இறந்து அழுகிய மீனிலிருந்து நோயை அறிய இயலாது.